ஓடத் தொடங்கியவரின் முழங்காலும் ‘தேய்மானம்’ என்னும் சொல்லும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் உடல்நலப் பக்கத்தில், ஓடத் தொடங்கி இரண்டு மாதங்களே ஆன வாசகர் ஒருவர் தமது முழங்கால் வலியைப் பற்றிக் கேட்டிருந்தார். ‘இது மூட்டுத் தேய்மானத்தின் தொடக்கமாக இருக்கலாம், ஓட்டத்தை நிறுத்திவிட்டு நடைப்பயிற்சியோடு நின்றுகொள்வது நல்லது’ என்று அவருக்கு இரண்டே வரிகளில் பதில் வெளியாகியிருந்தது. பதில் எழுதியவரின் அக்கறையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஐந்து ஆண்டுகளுக்கு முன் அதே கேள்வியைக் கேட்டு, அதே பதிலைப் பெற்று, அதை அப்படியே நம்பி எட்டு மாதங்கள் சும்மா உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில், அந்த இரண்டு வரிகள் எத்தனை பேரை ஓட்டத்திலிருந்து ஒரேயடியாக விலக்கிவிடுமோ என்ற கவலையில் இதை எழுதுகிறேன்.

நான் மருத்துவன் அல்லன். முப்பது ஆண்டுகள் கணக்கு எழுதிப் பிழைத்தவன். அதனாலேயே ‘தேய்மானம்’ என்ற சொல் என் காதில் வேறுவிதமாக விழுகிறது. ஓர் இயந்திரத்தை வாங்கிய நாள் முதல் அதன் மதிப்பில் ஆண்டுதோறும் ஒரு பங்கைக் கழித்து எழுதுவோம். அது ஓடினாலும் நின்றாலும் மதிப்பு குறைந்துகொண்டேதான் போகும். கூடுவதற்கு அந்தப் பேரேட்டில் பத்தியே கிடையாது. முழங்காலை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்தான் பிழை தொடங்குகிறது. எலும்புகளின் முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய்கள் இல்லை. மூட்டுக்குள் இருக்கும் பசைநீரிலிருந்துதான், காலை ஊன்றும்போது அழுந்தியும் தூக்கும்போது விரிந்தும், அது தனக்கு வேண்டிய ஊட்டத்தைப் பெரும்பாலும் பெறுகிறது; அசைவும் பாரமும் இல்லாத மூட்டில் இந்தப் போக்குவரத்து மந்தப்பட்டுவிடும். சுற்றியிருக்கும் தசையும் தசைநாணும் எலும்பும் இதைப் போன்றவைதாம். தாங்கக்கூடிய பாரத்தை ஏற்றி, பிறகு ஓய்வும் கொடுத்தால் அவை வலுப்பெறுகின்றன. ஏற்றாமலே விட்டால் மெலிகின்றன. ஓட ஓடத் தேய்வது வாகனச் சக்கரத்தின் ரப்பர். உயிருள்ள திசுவுக்கு அந்த உவமை பொருந்தாது.

‘ஓடினால் முட்டி தேய்ந்துவிடும்’ என்று நாம் அனைவரும் சொல்லக் கேட்டிருக்கிறோம். பல ஆய்வுகளைத் தொகுத்து 2017-ஆம் ஆண்டில் வெளியான ஒரு பகுப்பாய்வின் கணக்கு வேறு. நாம் தேய்மானம் என்று பெயரிட்டு அழைக்கும் மூட்டு அழற்சி, இடுப்பிலோ முழங்காலிலோ, உடல்நலத்திற்காக ஓடுபவர்களில் 3.5 சதவீதத்தினருக்கு இருந்தது. ஓடாமல் உட்கார்ந்த வாழ்க்கை வாழ்பவர்களில் 10.2 சதவீதத்தினருக்கு இருந்தது. போட்டிகளுக்காகக் கடுமையாக ஓடுபவர்களில் 13.3 சதவீதத்தினருக்கு இருந்தது. இந்த எண்களை வைத்துக்கொண்டு, ஓட்டம் மூட்டைக் காக்கும் மருந்து என்று நான் வாதிட மாட்டேன். மூட்டு ஏற்கெனவே கெட்டவர்கள் ஓடுவதை விட்டிருப்பார்கள், அதனாலும் முதல் எண் குறைந்திருக்கலாம். மூன்றாவது எண்ணோ, அளவு மீறுவதற்கும் ஒரு விலை உண்டு என்கிறது. ஆயினும், அளவாக ஓடும் ஒருவரை முட்டியைக் காட்டிப் பயமுறுத்த இந்தக் கணக்கில் ஆதாரம் இல்லை என்ற அளவுக்கு உறுதியாகச் சொல்லலாம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 1984-இல் தொடங்கி, நடுவயதைக் கடந்த ஓட்டக்காரர்களை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தொடர்ந்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோதும், ஓடாதவர்களைவிட அவர்களுக்கு முழங்கால் அழற்சி மிகுதியாகக் காணப்படவில்லை.

அப்படியானால் அந்த வாசகருக்கு ஏன் வலிக்கிறது? எனக்கு ஏன் வலித்தது? என் நாட்குறிப்பில் இதற்கான விடை தொடக்கத்திலிருந்தே இருந்தது. அதைப் படிக்கத்தான் எனக்குத் தெரியவில்லை. முதல் நான்கு வாரங்கள் ஒன்றுவிட்டு ஒரு நாள் இரண்டு கிலோமீட்டர், சில நாட்களில் மூன்று. நான்காம் வார முடிவில் மூச்சு வாங்குவது வெகுவாகக் குறைந்திருந்தது, உடல் பழகிவிட்டது என்ற மிதப்பும் வந்திருந்தது. ஐந்தாம் வாரத்து ஞாயிற்றுக்கிழமை, அனுபவசாலிகள் சிலரோடு சேர்ந்து ஏழு கிலோமீட்டர் ஓடினேன். பாதையின் பின்பாதி முழுவதும் இறக்கம். ஓடும்போது ஒரு வலியும் இல்லை. மறுநாள் காலை மாடியிலிருந்து இறங்கும்போதுதான் இடது முழங்கால் சில்லுக்குப் பின்னால் ஒரு குடைச்சல் தெரிந்தது. அன்று மாலை அலுவலகத்தில் நெடுநேரம் காலை மடக்கி உட்கார்ந்துவிட்டு எழுந்தபோது அது கடுகடுத்தது.

நெஞ்சும் நுரையீரலும் சில வாரங்களிலேயே ஓட்டத்திற்குப் பழகிவிடுகின்றன. தசைநாணுக்கும் எலும்புக்கும் குருத்தெலும்புக்கும் மாதங்கள் ஆகின்றன. ஓடுகையில் ஒவ்வோர் அடியிலும் தரை நம் காலைத் திருப்பித் தள்ளும் விசை உடல் எடையைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு வரை இருக்கும். புதியவர் ஒரு கிலோமீட்டரை ஏறத்தாழ 1,200 அடிகளில் கடக்கிறார் என்று கொண்டால், மூன்று கிலோமீட்டரிலிருந்து ஏழுக்குத் தாவிய அன்று நான் என் கால்களிடம் கூடுதலாகக் கேட்டது 4,800 அடிகள், அதிலும் பெரும்பகுதி முழங்காலின் முன்புறத்தை மிகவும் அழுத்தும் இறக்கத்தில். ‘முடியும்’ என்று மூச்சு சொன்னது. முழங்காலை யாரும் கேட்கவில்லை.

வலி எங்கே, எப்படி என்பதைக் கூர்ந்து கவனிப்பது முதல் வேலை. இதற்கு நம் மொழியில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. எல்லாவற்றையும் ‘முட்டி வலி’ என்ற ஒரே பையில் போட்டுவிடுவதுதான் நம் வழக்கமாகிவிட்டது. சில்லைச் சுற்றியோ அதன் பின்னாலோ மங்கலான குடைச்சலாக இருந்து, படியிறங்கும்போதும் குந்தும்போதும் நெடுநேரம் உட்கார்ந்து எழும்போதும் கூடினால், அது பெரும்பாலும் சில்லும் தொடை எலும்பும் உரசும் இடத்தில் பாரம் மிஞ்சியதன் அடையாளம். புதிதாக ஓடுபவர்களிடம் மிகுதியாகக் காணப்படுவது இதுதான். ஆங்கிலத்தில் இதற்கு ஓட்டக்காரரின் முழங்கால் என்றே பொருள்படும் பெயரும் உண்டு. முழங்காலின் வெளிப்பக்கத்தில், ஒரு குறிப்பிட்ட தூரம் ஓடிய பிறகு ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அதே இடத்தில் சுருக்கென்று குத்தத் தொடங்கினால், இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை வெளிப்புறமாக இறங்கும் நீண்ட நார்ப்பட்டையை நினைக்க வேண்டும். சில்லுக்குச் சற்றுக் கீழே விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரு புள்ளியில் வலித்தால் அங்குள்ள தசைநாணை. மூன்றுக்கும் கால அளவும் பயிற்சியும் சற்றே வேறுபடும் என்றாலும், அதிகமாக, அவசரமாகக் கேட்டுவிட்டோம் என்ற காரணம் மூன்றுக்கும் பொது.

நான் முதலில் சென்ற இடத்தில் எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, ‘லேசாகத் தேய்மானம் இருக்கிறது, வயதாகிறது அல்லவா, இனி ஓட வேண்டாம்’ என்றார் மருத்துவர். எவ்வளவு தூரம் ஓடினேன், எப்போது கூட்டினேன் என்ற கேள்வியே எழவில்லை. அந்த ஒரு சொல்லோடு வீடு திரும்பியவன் படியேறுவதற்கும் அஞ்சத் தொடங்கினேன். எட்டு மாதங்களில் இடது தொடை கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மெலிந்துவிட்டது. படியிறங்கும்போது வந்த குடைச்சலோ அப்படியே இருந்தது. ஓய்வு வலியைப் போக்கவும் இல்லை, முழங்காலின் தாங்குதிறனைக் கூட்டவும் இல்லை, உண்மையில் அதைக் குறைத்துவிட்டது.

படத்தில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணமாகிவிடாது என்பதையும் பின்னரே அறிந்தேன். அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் நகரில் 50 முதல் 90 வயது வரையிலானவர்களுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 2008-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், பேச்சுவழக்கில் ‘ஜவ்வு கிழிந்திருக்கிறது’ என்கிறோமே, மூட்டுக்குள் மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்புத் தகட்டில் அந்தக் கிழிசல் கண்டறியப்பட்டவர்களில் 61 சதவீதத்தினர் முந்தைய ஒரு மாதத்தில் முழங்காலில் எந்த வலியையும் இறுக்கத்தையும் உணர்ந்திருக்கவில்லை. தலைமுடி நரைப்பதைப் போன்ற மாற்றங்கள் மூட்டுக்குள்ளும் நிகழ்கின்றன. நரையைக் காட்டி யாரும் தலைவலிக்குக் காரணம் சொல்வதில்லை.

எட்டு மாதங்களுக்குப் பின் ஓர் இயன்முறை மருத்துவரிடம் சென்றேன். அவர் படத்தை ஒதுக்கி வைத்துவிட்டு என் நாட்குறிப்பைக் கேட்டு வாங்கிப் படித்தார். ஏழு கிலோமீட்டர் என்று எழுதியிருந்த வரியில் விரலை வைத்து, ‘இதுதான் உங்கள் நோய்’ என்றார். கணக்குப் பிழை என்று கேட்டதும் எனக்குப் பாதி வலி போய்விட்டது என்று சொன்னால் மிகைதான், ஆனால் பயம் போய்விட்டது உண்மை. அவர் தந்த முதல் விதி எளியது. பூஜ்யம் முதல் பத்து வரையிலான அளவில், ஓடும்போது வலி இரண்டு, மூன்றைத் தாண்டக் கூடாது. ஓடி முடித்த பின் கூடினாலும் அடுத்த 24 மணி நேரத்திற்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிட வேண்டும். வாரத்துக்கு வாரம் வலி ஏறுமுகமாக இருக்கக் கூடாது. இந்த மூன்றும் சரியாக இருந்தால் சற்று வலித்தாலும் ஓடலாம். இல்லையென்றால் தூரத்தையும் வேகத்தையும் இறக்கப் பாதையையும் குறைக்க வேண்டும். ஓட்டத்தையே தலைமுழுக வேண்டியதில்லை.

இது ஒருவருடைய கைப்பக்குவம் அன்று. கனடாவின் கியூபெக்கில், சில்லைச் சுற்றி வலியுள்ள 69 ஓட்டக்காரர்களை மூன்று குழுக்களாகப் பிரித்து, எட்டு வாரங்கள் சிகிச்சை அளித்த ஆய்வு 2018-இல் வெளிவந்தது. ஒரு குழுவுக்குப் பாரத்தை எப்படிக் கூட்டிக் குறைப்பது என்று கற்றுக்கொடுத்ததோடு சரி. இன்னொரு குழுவுக்கு அதனுடன் தசைப் பயிற்சி. மற்றொன்றுக்கு அதனுடன் ஓடும் முறையைத் திருத்தும் பயிற்சி. மூன்று குழுக்களும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தன. பயிற்சிகள் வீண் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது என்றாலும், மூன்றிலும் பொதுவாக இருந்த பாடம் எது என்பது உடல்நலப் பக்கங்களில் பதில் எழுதுபவர்களின் கவனத்துக்கு வர வேண்டும்.

திரும்ப ஓடத் தொடங்கியபோது நடையும் ஓட்டமும் கலந்த முறையைப் பின்பற்றினேன். உலகெங்கும் புதியவர்கள் கையாளும் ஒன்பது வாரத் திட்டம் ஒன்று 1996-இல் வகுக்கப்பட்டது. ஐந்து நிமிட வேக நடைக்குப் பின், 60 வினாடி ஓட்டம், 90 வினாடி நடை என்று 20 நிமிடங்கள் மாற்றி மாற்றிச் செய்வதில் அது தொடங்குகிறது. வாரத்துக்கு மூன்று நாட்கள் மட்டுமே. மிக நல்ல திட்டம், ஆனால் அதில் ஒரு பள்ளம் இருக்கிறது. ஐந்தாம் வாரத்தின் இரண்டாம் நாளில் எட்டு நிமிடங்களாக இருமுறை ஓடியவர், மூன்றாம் நாளில் நடையே இல்லாமல் 20 நிமிடங்கள் ஓட வேண்டும். மனத்துக்கு அது பெரிய வெற்றி. முழங்காலுக்கு அது பெரிய தாவல். நான் அந்த வாரத்தை மூன்று முறை திரும்பச் செய்தேன். ஒன்பது வாரத் திட்டத்தைப் பதினாறு வாரங்களில் முடித்ததற்காக யாரும் என்னிடம் அபராதம் வசூலிக்கவில்லை.

வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டாதே என்ற பழைய விதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் 500-க்கும் மேற்பட்ட புதியவர்களைக் கொண்டு நடத்தி 2008-இல் வெளியிட்ட ஆய்வில், இந்த விதிப்படி 13 வாரங்கள் மெதுவாகக் கூட்டியவர்களுக்கும், எட்டு வாரங்களில் வழக்கம்போல் கூட்டியவர்களுக்கும் காயமடைந்தவர்களின் விகிதம் ஏறத்தாழ ஒன்றாகவே, ஐந்தில் ஒருவர் என்ற கணக்கில் இருந்தது. அதனால் விதியைத் தூக்கி எறியலாம் என்று சிலர் எழுதினார்கள். ஆனால் 5,000-க்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களைப் பின்தொடர்ந்து 2025-இல் வெளியான ஆய்வு, நாம் கணக்கைத் தவறான பத்தியில் எழுதிக்கொண்டிருந்தோம் என்று காட்டுகிறது. வாரத்தின் கூட்டுத்தொகையைவிட, ஒரே நாளின் தாவல்தான் காயத்தோடு தொடர்புடையதாகத் தெரிந்தது. கடந்த 30 நாட்களில் ஓடிய மிக நீண்ட தூரத்தைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் ஒரே ஓட்டத்தில் கூட்டியவர்களுக்குக் காய வாய்ப்பு கூடியிருந்தது. என்னுடைய அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் கிடைக்காது.

ஓடும் முறையில் ஒரேயொரு திருத்தம் எனக்குப் பயன்பட்டது. புதியவர்கள் பலரைப்போல நானும் பாதத்தை உடலுக்கு வெகுதூரம் முன்னால் நீட்டி ஊன்றினேன். அதே வேகத்தில் அடிகளைச் சிறிதாக்கி, நிமிடத்துக்கான அடிகளின் எண்ணிக்கையை ஐந்து முதல் பத்து சதவீதம் கூட்டினால் முழங்காலில் விழும் பாரம் குறைகிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வொன்றில், ஐந்து சதவீதக் கூடுதலுக்கே, முழங்கால் உள்வாங்க வேண்டியிருந்த ஆற்றலின் அளவு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. நிமிடத்துக்கு 180 அடி என்று சொல்லப்படுவதை எல்லோருக்கும் உரிய இலக்காகக் கொள்ள வேண்டாம். 1984 ஒலிம்பிக் போட்டியில் ஓடிய வீரர்களை எண்ணிப் பார்த்ததிலிருந்து பரவிய எண் அது. என் இயல்பான எண்ணிக்கை 154-ஆக இருந்தது. 164-இல் வலி தணிந்துவிட்டது, அங்கேயே நிற்கிறேன்.

தசைப் பயிற்சிகள் சலிப்பூட்டுபவை. ஆனாலும் செய்தே ஆக வேண்டும். சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலியில் இருப்பதுபோல் அமர்ந்திருத்தல், தாழ்வான படியிலிருந்து ஒற்றைக் காலால் மெல்ல இறங்குதல், மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்துதல், ஒருக்களித்துப் படுத்து மேற்காலைத் தூக்குதல், நின்றபடி குதிகால்களை உயர்த்துதல் ஆகியவை போதும். வாரத்துக்கு இரண்டு, மூன்று நாட்கள். தொடையின் முன்தசை மட்டுமல்லாமல் இடுப்பின் பக்கவாட்டுத் தசையும் வலுப்பெற வேண்டும். அது தளர்ந்திருந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் உட்புறமாகச் சரியக்கூடும். பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகலாம். பத்தாம் நாளில் ‘ஒன்றும் நடக்கவில்லை’ என்று விட்டுவிடுபவர்களே அதிகம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாதத்தின் வளைவைப் பார்த்துக் காலணியைத் தேர்ந்தெடுத்தால் காயம் குறையும் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை. போட்டு ஓடும்போது உறுத்தாமல் இருப்பதே நல்ல காலணி. முழங்கால் உறையும் ஒட்டுப்பட்டையும் சில வாரங்களுக்கு வலியைத் தணிக்கக்கூடும், ஊன்றுகோலாக அவற்றை ஏற்கலாம். பனிக்கட்டி ஒத்தடமும் அப்படித்தான். ஓய்வு, பனிக்கட்டி, கட்டு, காலை உயர்த்தி வைத்தல் என்ற வாய்பாட்டை 1978-இல் வகுத்த அமெரிக்க மருத்துவரே, முழு ஓய்வும் பனிக்கட்டியும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று பின்னாளில் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். ஓடுவதற்கு முன்பே வலி மாத்திரை விழுங்கும் பழக்கத்தை மட்டும் வன்மையாகக் கண்டிக்கிறேன். அது எச்சரிக்கை மணியின் நாவைக் கட்டிவிடுகிறது. வியர்த்து நீர் வற்றிய உடலில் சிறுநீரகத்துக்கும் கேடு.

உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டிய நிலைகளும் உண்டு. அவற்றைச் சொல்லாமல் ‘ஓடலாம்’ என்று மட்டும் எழுதுவது பொறுப்பற்ற செயல். முழங்கால் வீங்கினாலோ, மடக்கவோ நீட்டவோ முடியாமல் பூட்டிக்கொண்டாலோ, நடக்கும்போது மடங்கி விழப்பார்த்தாலோ, கால் முறுகியபோது ‘டப்’பென்ற ஒலியோடு வலி தொடங்கியிருந்தாலோ, காலை ஊன்றவே இயலாவிட்டாலோ, மூட்டு சிவந்து சுட்டுக் காய்ச்சலும் இருந்தாலோ, படுத்திருக்கும்போதும் இரவெல்லாம் வலித்தாலோ, பாரக் கணக்கு, நாட்குறிப்பு எதையும் பார்த்துக்கொண்டிருக்காமல் போய்விட வேண்டும். எலும்பின் ஒரே புள்ளியில் அழுத்தினால் உயிர்போகும் வலி இருந்து, நாளுக்கு நாள் கூடினால் அது எலும்பின் நுண் விரிசலாக இருக்கலாம். அங்கே இரண்டு, மூன்று வரை வலிக்கலாம் என்ற விதி செல்லாது.

உடல்நலப் பக்கத்துக்குக் கேள்வி அனுப்புபவர்களிடம் வயதையும் எடையையும் கேட்டு வெளியிடுகிறீர்கள். ஓடுபவராக இருந்தால், கடைசி ஆறு வாரங்களில் ஒவ்வொரு முறையும் எவ்வளவு தூரம் ஓடினார், வலி எந்த நாளில் தொடங்கியது, படியிறங்கும்போது கூடுகிறதா என்பவற்றையும் கேட்டு வாங்குமாறு வேண்டுகிறேன். அந்த வாசகரின் கேள்வியில் இரண்டு மாதம் என்ற ஒரே எண்தான் இருந்தது; அதை வைத்துக்கொண்டு யாராலும் சரியான பதில் சொல்லியிருக்க முடியாது. இடம் இருந்தால், ஓட்டக்காரர்களோடு பணியாற்றும் இயன்முறை மருத்துவர் ஒருவரைக் கொண்டு அவருக்கு மீண்டும் ஒரு பதிலை எழுதச் செய்யுங்கள். அதுவரை அவர் நாட்குறிப்பைத் தேடி எடுத்து, வலி தொடங்கியதற்கு முந்தைய வாரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகன்